அட்டையில் இல்லாத சுக்கா

அடுத்த மாதம் மேடையேறி மைக்கைப் பிடிக்கப் போகிறவர்கள் நீங்கள். பஸ்ஸரை எப்படி இணைப்பது, மதிப்பெண் பலகையைத் திரையில் எப்படிக் காட்டுவது என்றெல்லாம் நான் சொல்ல வந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். என் காலத்தில் பஸ்ஸர் என்றால் ஒரு பித்தளை மணி. மதிப்பெண் பலகை என்றால் கரும்பலகை, அதற்கும் சுண்ணக்கட்டியை நான்தான் பள்ளியிலிருந்து பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். அந்தச் சங்கதிகளை விட்டுவிடுகிறேன்.

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் முப்பது ஆண்டுகள் பொது அறிவுப் போட்டி நடத்தினேன். வரலாறு, அறிவியல், கலை, சினிமா என்று நான்கு சுற்று. கேள்வி எழுதியதும் நான், கேட்டதும் நான், பதில் சரியா தவறா என்று தீர்ப்புச் சொன்னதும் நான். லிங்கியிலிருந்து தம்பின் வரை "கேள்வி டீச்சர்" என்றால் போதும், என் சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம் என்று பின்னால் பேசுவார்கள். அது எனக்கும் தெரியும். அப்போது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், நீங்க எப்பவாச்சும் தப்பா தீர்ப்பு சொல்லியிருக்கீங்களா? ஜோக்கா ஒண்ணு சொல்லுங்களேன் லா."

ஜோக்காகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு பள்ளியில் கிரகங்கள் எத்தனை என்று கேட்டேன். நாலாம் ஆண்டுப் பையன் எட்டு என்றான். அட்டையில் ஒன்பது இருந்தது, தவறு என்றேன். அவன் விடவில்லை. "புளூட்டோவைத் தூக்கிட்டாங்க டீச்சர், பேப்பர்லயே வந்துச்சு" என்றான். விசாரித்தால் உண்மை. நான் பழைய அட்டையைத் தூசி தட்டி எடுத்துப் போயிருந்தேன். மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டு மதிப்பெண் கொடுத்தேன். சபை கை தட்டியது, அவனைவிட எனக்குத்தான் அதிகம் தட்டினார்கள்.

இன்னொரு முறை கலைச் சுற்றில் நாதஸ்வர இசையைப் போட்டு, "இது என்ன?" என்று கேட்டுவிட்டேன். என்ன வாத்தியம் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! ஒரு பெரியவர் எழுந்து, "கல்யாணம், டீச்சர்!" என்றார். கேள்வி அரைகுறை, பதில் முழுசு. அரை மதிப்பெண் கொடுத்தேன். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார்.

இந்த இரண்டையும் எங்கே போனாலும் சொல்வேன். சொல்வதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. வானத்தில் ஒரு கிரகம் குறைந்தால் என் வீட்டில் என்ன குறையப்போகிறது? ஆனால் நான் சொல்லாமலே வைத்திருந்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு மேடையேறுங்கள்.

லிங்கிப் பக்கம் ஒரு பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொதுமண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை "தாயும் பிள்ளையும்" என்று ஒரு போட்டி நடத்தினேன். அது என் யோசனைதான். வழக்கமான போட்டிகளில் பிள்ளைகள் பதில் சொல்வார்கள், தாய்மார்கள் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதை மாற்றுகிறேன் பார் என்று கிளம்பினேன். ஒரு தாய், ஒரு பிள்ளை சேர்ந்து ஓர் அணி. மற்ற சுற்றுகளில் இருவரும் கலந்து பேசலாம். அறிவியல் சுற்றில் மட்டும் தாய்க்குத் தனிக் கேள்வி, பிள்ளைக்குத் தனிக் கேள்வி. ஒருவர் மற்றவருக்குச் சொல்லித்தரக் கூடாது. தாய்மார்களுக்கும் மூளை இருக்கிறது என்று காட்டத்தான் அந்த விதி. இதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

பெயர் பதியும் மேசைக்கு ஓர் அம்மாள் வந்தார். மடிப்புக் கலையாத நீலப் புடவை, காலையிலேயே வியர்வை. பக்கத்தில் ரெட்டைச் சடையோடு பத்து வயதுப் பெண். அம்மாள் பெயர் அஞ்சலை, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மகள் கோமதி, பள்ளியில் முதல் மாணவி. கோமதி நாற்காலி தேடிப் போனதும் அஞ்சலை மேசைமேல் குனிந்தார்.

"டீச்சர், எம்பொண்ணு வாயத் தொறக்காதன்னு சொல்லிட்டுத்தான் கூட்டியாந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதாம், அதுக்கு வெக்கமா இருக்குமாம்."

"பிள்ளைங்க அப்படித்தான் பேசும், விடுங்க" என்றேன்.

"இல்ல டீச்சர். ஒரு மாசமா அதோட பழைய புத்தகத்த எடுத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். செயிக்கணும்னு இல்ல. எம்பொண்ணு முன்னுக்கு ஒரே ஒரு பதில் சரியா சொல்லிடணும். அது போதும் எனக்கு."

"சொல்லுவீங்க. நான் இருக்கேன்ல" என்றேன். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன், என் வாயால் சொன்னேன்.

மணி அடிக்க அன்று என்னோடு வந்தவர் லுக்குட்டில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு பாய். பல ஆண்டுகள் என் போட்டிகளுக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து நேரம் பார்த்து மணி அடித்தவர். எனக்குப் பக்கத்திலேயே உட்காருவார். முன்வரிசையில் சிரம்பானிலிருந்து வந்த ஒரு டத்தோ, அதாவது அரசுப் பட்டம் வாங்கிய பிரமுகர், கோட்டும் சூட்டுமாக. போட்டிக்கு முன்னால் அவர் என்னிடம், "டீச்சருக்கு எந்த ஊர்? அப்பா என்ன செய்தார்?" என்று கேட்டார். "புக்கிட் பெலண்டோக் பக்கம். அப்பா ஃபேக்டரி சூப்பர்வைசர்" என்றேன். அது பொய். என் அப்பா தோட்டத்துப் பால் ஸ்டோரில் கூலிவேலை செய்தவர். மரத்திலிருந்து வரும் பாலைத் தொட்டியில் கொட்டி உறைய வைக்கும் கொட்டகை அது. சிரம்பானுக்குக் குடிபோன நாளிலிருந்து அப்பாவுக்கு நானே பதவி உயர்வு கொடுத்து வைத்திருந்தேன்.

போட்டி நன்றாகத்தான் நடந்தது. வரலாற்றிலும் கலையிலும் சினிமாவிலும் கோமதி பிய்த்து உதறினாள். கடைசியாக அறிவியல் சுற்று வந்தது. அஞ்சலைக்கு முதல் கேள்வி, இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவது எது என்று. எழுந்து நின்றார், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, மணி அடித்தது. இரண்டாவது கேள்விக்குத் தவறாகச் சொன்னார். கோமதி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது அவர்களும் இன்னோர் அணியும் சமமாக இருந்தார்கள். கேள்வி அஞ்சலைக்கு.

அட்டையைப் படித்தேன்: "ரப்பர் பாலை உறைய வைக்க அதில் ஊற்றப்படும் அமிலம் எது?"

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். மகள் கையிலிருந்த மைக்கை அவரே வாங்கினார். நிமிர்ந்து நின்று, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்: "சுக்கா!"

உங்களில் பலர் பட்டணத்தில் பிறந்தவர்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். மலாயில் வினிகருக்குச் சுக்கா என்று பெயர். பாலில் ஊற்றும் அமிலத்துக்கும் தோட்டத்தில் அதே பெயர்தான். தகரத்தின்மேலேயே "சுக்கா கெத்தா" என்று போட்டிருக்கும், ரப்பர் சுக்கா என்று அர்த்தம். என் அட்டையில் இருந்தது "ஃபார்மிக் அமிலம்". இரண்டும் ஒரே சரக்கு. ஒன்று புத்தகத்தில் இருக்கும் பெயர், மற்றது அதை ஊற்றுகிறவர்கள் சொல்லும் பெயர், அவ்வளவுதான் வித்தியாசம்.

மண்டபத்தில் நாலைந்து பேர் களுக்கென்று சிரித்தார்கள். அவர்களுக்குச் சுக்கா என்றால் ஆட்டுக்கறி வறுவல்தான். பாய் மணியில் கை வைத்தபடி என் காதருகே சொன்னார்: "சரிதான் டீச்சர், சரிதான். எங் கடையிலயே டின்னு டின்னா விக்கிறேன். மார்க் கொடுங்க."

"அட்டையில இல்ல பாய்" என்றேன்.

"அட்டை கெடக்குது லா. அந்தம்மா சொன்னது சரி."

டத்தோ சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபை முழுவதும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தது. எனக்கு மூன்று வினாடி இருந்திருக்கும். மைக்கைத் தூக்கி, என் வழக்கமான குரலில் சொன்னேன்:

"அம்மா, சுக்கா வறுவல் சமையல் போட்டியில வரும். இது அறிவியல் சுற்று!"

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசைப் பையன்கள் நாற்காலியைத் தட்டினார்கள். டத்தோ தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அஞ்சலை மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "இல்ல டீச்சர்… சுக்கா… பால்ல ஊத்துவோம்ல…" என்று கையைச் சாய்த்து ஊற்றுவதுபோல் காட்டினார். அந்தச் சைகைக்கு இன்னும் சிரித்தார்கள். கோமதி புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "உக்காரும்மா, உக்காரு!" என்றாள். பாய் மணியை அடிக்கவே இல்லை. நானே கையை நீட்டி அடித்தேன்.

கேள்வி அடுத்த அணிக்குப் போனது. அந்தத் தாய் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், "ஃபார்மிக் ஆசிட்" என்றார். கோப்பை அவர்களுக்குப் போனது.

தெரியாமல் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அட்டைப்படி தீர்ப்பு, நடுநிலைமை, விதி என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அத்தனையும் பொய். சுக்கா எனக்குத் தெரியும். என் அப்பா வேலைவிட்டு வந்தால் சட்டையில் அடிக்கும் காட்டமான புளிப்பு வாடை அது. விரல் நுனியில் தோல் உரிந்திருக்கும், சோறு பிசைந்தால் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவார். "சுக்கா பட்டுடுச்சும்மா" என்பார். ஃபார்மிக் என்ற சொல்லை நான் படித்ததே அதற்கு எத்தனையோ ஆண்டு கழித்துத்தான்.

அப்படியென்றால் ஏன் அப்படிச் சொன்னேன்? "ஆமாம், சுக்காவும் அதுதான்" என்று சொன்னால், எப்படித் தெரியும் டீச்சர் என்று டத்தோ கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்டிருக்கவே மாட்டார். இருந்தாலும் பயந்தேன். எங்கள் வீட்டுச் சொல்லை இன்னொருத்தி மைக்கில் உரக்கச் சொன்னதும், அதற்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று காட்ட அந்தச் சிரிப்பு வசதியாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மண்டபம் காலியானதும் பாய் மணியைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தார். "அடுத்த தடவைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க டீச்சர்" என்றார்.

"என்ன பாய், இதுக்கெல்லாமா?"

"நீங்க படிச்சவங்க, நான் கடைக்காரன். தப்புன்னு நெனச்சுத் தப்புன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் பேசமாட்டேன். உங்க மொகத்தப் பாத்தேனே, உங்களுக்குத் தெரியும்." மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு கடைக்குப் போனால் சாமான் கட்டிக் கொடுப்பார், டீச்சர் சௌக்கியமா என்று கேட்பார், அதோடு சரி. நல்ல சிநேகிதர் ஒருவர் எனக்கு அன்றோடு போனார்.

அடுத்த ஆண்டிலிருந்து நான் அட்டை எழுதும் முறையை மாற்றினேன். பதிலுக்குக் கீழே மலாய்ப் பெயர், தோட்டத்துப் பெயர், சந்தையில் சொல்லும் பெயர் எல்லாவற்றையும் எழுதினேன். ஆசிரியர் கூட்டத்தில் இதை நல்ல முறை என்று பாராட்டினார்கள். இப்போது உங்களுக்குக் கொடுத்திருக்கும் அட்டைகளிலும் அதே முறைதான். எங்கிருந்து வந்தது இந்த யோசனை என்று கேட்டபோது, அனுபவம்தான் என்றேன். அஞ்சலை பெயரைச் சொல்லவில்லை. அவரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. லிங்கி எனக்கு அரை மணி நேரப் பயணம்தான். போகவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டு, பிறகு அந்தத் தோட்டத்தையே செம்பனை எண்ணெய் மரம் நட அழித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, அப்பாடா என்றுதான் இருந்தது. எவ்வளவு கேவலம் பாருங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு, ஒரு வேலையாகத் தம்பினுக்குப் போயிருந்தேன். பாசார் சந்தையில் முருங்கைக்காய் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மீன்காரப் பெண் கூப்பிட்டாள்: "சுக்கா அக்கா! சுக்கா அக்கா! மீதிக் காச விட்டுட்டுப் போறீங்க!"

எனக்குக் கை நின்றுவிட்டது. திரும்பினால், தலை முழுக்க நரைத்த ஓர் அம்மாள் நின்றார். முகம் மாறவில்லை. அவரும் என்னைப் பார்த்தார்.

"கேள்வி டீச்சர்தானே?" என்றார்.

"அஞ்சலையம்மா" என்றேன். எங்கே என்னைத் திட்டுவாரோ என்று பார்த்தால், "வெயில்ல நிக்கிறீங்களே, வீடு இங்கதான் பக்கம், தே குடிச்சிட்டுப் போங்க" என்று என் பையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், சின்ன வரிசை வீடு. கணவர் காலமாகிவிட்டாராம். கோமதி ஜொகூரில் மருந்தகத்தில் வேலை, நல்ல சம்பளம், அம்மாவைக் கூட வந்து இருக்கச் சொல்கிறாளாம். சமையலறை மேசையில் உட்கார்ந்து தேநீர் ஆற்றிக் கொடுத்தார். நான் நேரடியாகக் கேட்டேன்.

"அந்தப் பேரு… சுக்கா அக்கான்னு… எப்போ இருந்து?"

"அன்னிக்கு மத்தியானமே டீச்சர். மண்டபத்தவிட்டு வெளிய வந்ததும் பசங்க கூப்பிட ஆரம்பிச்சிட்டானுங்க. அப்பறம் தோட்டம் முழுக்க. இங்க குடிவந்தப்போ கூட வந்த சனங்களோட சேந்து அந்தப் பேரும் வந்துடுச்சு. இங்க இருக்கிறவங்களுக்கு ஏன்னு தெரியாது. பழகிப்போச்சு போங்க."

அந்தப் பெயரை வைத்தது நான். இருபது வருடத்துக்கும் மேலாக ஒரு மனுஷியை ஊர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறது, எனக்கு அது தெரியவே தெரியாது.

"அதுக்கப்பறம் கோமதி பள்ளிக்கூடத்துல எதுக்கும் நான் போறதில்ல டீச்சர். பரிசளிப்புன்னா அவங்கப்பாவ அனுப்பிடுவேன். நான் கேட்டுக்கு வெளிய நின்னு பாப்பேன். போனா எவனாச்சும் சுக்கான்னு கூப்பிடுவான், பொண்ணுக்குத்தானே அசிங்கம்? யூனிவெர்சிட்டியில பட்டம் வாங்கினப்போ கூட காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிட்டேன்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அஞ்சலையம்மா, உங்க பதில் சரி. அன்னிக்கே சரி. என்னை மன்னிச்சிடுங்க."

"சரின்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? எத்தன வருசம் ஊத்தியிருக்கேன்!" என்று சிரித்தார். பிறகு கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குத் தெரியும்னும் எனக்குத் தெரியும்."

"எப்படிம்மா?" என்றேன்.

"கல்யாணத்துக்கு முன்ன நான் புக்கிட் பெலண்டோக் தோட்டத்துலதான் இருந்தேன். பால் வாளி தூக்கிட்டு ஸ்டோருக்குப் போவேன். உங்கப்பாதான் தொட்டியில சுக்கா ஊத்துவாரு. மாமான்னுதான் கூப்பிடுவேன். கிட்ட வராத புள்ள, கண்ணுல தெறிக்கும்னு தள்ளி நிக்க வைப்பாரு. டவுன்ல படிக்கிற எம்பொண்ணுன்னு உங்க படத்த எல்லார்க்கும் காட்டுவாரு. மேடையில உங்களப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மாமா மக டீச்சரா இருக்காங்கன்னு ஒரே சந்தோசம். அந்தக் கேள்வியக் கேட்டதும், நமக்குன்னே கேக்குறாங்கன்னு நெனச்சேன்."

"அப்போ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, 'உங்கப்பாவைக் கேளுங்க'ன்னு. மைக் உங்க கையிலதானே இருந்துச்சு?"

"வாய் வரைக்கும் வந்துச்சு டீச்சர்." துடைத்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "சொல்லியிருந்தா உங்களப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க. ஒருத்தியப் பாத்துச் சிரிச்சது போதும்னு உக்காந்துட்டேன்."

நான் அழுதேன். அந்த வயதில், இன்னொருவர் சமையலறையில், மூக்கு ஒழுக அழுதேன். அவர் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அழுது முடியும்வரை காத்திருந்தார். பிறகு கூச்சத்தோடு கேட்டார்.

"ஒண்ணு மட்டும் செய்றீங்களா டீச்சர்? நான் சொன்னது சரின்னு எம்பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா, சும்மா சொல்றேன்னு நெனைக்கும். டீச்சர் சொன்னா நம்பும்."

கைப்பேசியில் அவரே அழைத்து, சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தார். கோமதி எடுத்தாள். நான் யார் என்று சொல்லி, நாலாம் ஆண்டில் அம்மாவோடு கலந்துகொண்ட போட்டி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அம்மாவோடவா? இல்லையே டீச்சர். அம்மா போட்டிக்கெல்லாம் வந்ததே கிடையாது. ஸ்கூல் பக்கமே வரமாட்டாங்க. எல்லாத்துக்கும் அப்பாதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமையையே மகள் அடியோடு மறந்துபோயிருந்தாள். அஞ்சலை என்னைப் பார்க்காமல் மேசையைத் துடைத்தார். நான் முழுவதையும் சொன்னேன். கேள்வி என்ன, அம்மா சொன்ன பதில் என்ன, நான் அடித்த கிண்டல் என்ன, அது சரியான பதில் என்று தெரிந்தே நான் தவறு என்றேன் என்பது வரை சொன்னேன்.

"சுக்கான்னா… ஃபார்மிக் ஆசிட்டா?" என்றாள் கோமதி. "அதனாலதான் அம்மாவ அப்படிக் கூப்பிடறாங்களா? நான் மட்டன் சுக்கா நல்லா வைப்பாங்க, அதான்னு நெனச்சேன் டீச்சர். என் ஃபிரண்டுங்ககிட்ட கூட அப்படித்தான் சொல்லியிருக்கேன்." பிறகு குரல் மாறியது. "அம்மா, இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னா?" அஞ்சலை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மழைத்தண்ணி கலந்த பாலுக்கு ஒரு அளவு, வெயில் நாள் பாலுக்கு ஒரு அளவு. கூடிப்போச்சுன்னா கட்டி கல்லாட்டம் ஆயிடும், மெசினுல உருளாது. கொறஞ்சா கொழகொழன்னு நிக்கும். சுக்காவுல தண்ணிய ஊத்தக் கூடாது, தண்ணியிலதான் சுக்காவ ஊத்தணும். மாத்தி ஊத்தினா மொகத்துல அடிக்கும். கையில பட்டா ஓடுற தண்ணியில காட்டணும், தொடைக்கக் கூடாது…" அவர் பேசிக்கொண்டே போனார். நானோ கோமதியோ குறுக்கிடவில்லை. தயக்கமே இல்லாத குரல். இருபத்தைந்து வருடம் முன்னால் அந்த மண்டபத்தில் இன்னும் அரை நிமிடம் கொடுத்திருந்தால் இத்தனையும் மைக்கில் கேட்டிருக்கும்.

"தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும்னு எங்களுக்கு யூனிவெர்சிட்டி லேப்ல மொத நாள் சொல்லித் தந்தாங்கம்மா" என்றாள் கோமதி. அழுகிறாள் என்று தெரிந்தது. "இவ்ளோ தெரிஞ்சு வச்சிருக்க, எங்கிட்ட ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"யாருடி கேட்டா?" என்றார் அஞ்சலை.

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். முப்பது வருடம் கேள்வி கேட்டே பெயர் வாங்கிய நான் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.